மண்ணில் இறங்கிய ஐந்து ஆம்பியர்

சுற்றிலும் மழைச் சேறு. நடுவில், ஒரு முறத்தின் அகலத்துக்கு மட்டும் மண் வெளுத்துக் காய்ந்திருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. தாராவியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் பின்புறம், மோட்டாரின் எர்த் பைப் புதைத்திருந்த இடம் அது. அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

என்னை அங்கே அழைத்துப்போய்க் காட்டியவர், அந்த டேனரியில் தோல் அலசும் வேலை செய்த ஒரு அம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தவர். கணவருக்கும் அங்கேதான் வேலை. தோல் சுழலும் பெரிய மர டிரம்மைக் கவனித்துக்கொள்வார். நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, சூப்பர்வைசர் லைசென்ஸும் வாங்கி, தாராவியிலும் வடாலாவிலும் பத்துப் பன்னிரண்டு சின்னப் பட்டறைகளின் மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவன் என்ற மிதப்பு நிறையவே இருந்த காலம்.

"சார், இந்த எடத்துல மண்ணு சுடுது. வெறுங்காலோட நின்னா விறுவிறுன்னு ஏறுது. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார் அவர்.

முடி நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அது போதும். "சுண்ணாம்புல தண்ணி பட்டா சூடாகத்தான் செய்யும்மா. கால்ல புண்ணு இருந்தா எரியும். வேற ஒண்ணுமில்லை" என்றேன். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் என் பையிலேயே இருந்தது. அடுத்த பட்டறைக்கு நேரமாகிவிட்டது. அவர் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு அலசப் போய்விட்டார்.

அந்த வாரமே அவருடைய கணவர் இறந்துபோனார். டிரம்மைச் சுழற்றும் மோட்டார் ஆள் உயரத்தில் ஒரு மரப் பலகையின் மேல் இருந்தது. ஓடும்போது அதை யாரும் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அன்றைக்கு பெல்ட் வழுக்குகிறதென்று குங்கிலியப் பொடி தூவ ஏறியவர், ஒரு கையால் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டார். மறு கை மோட்டாரில் பட்டது. ஸ்விட்சை அணைத்து அவரை இறக்கும்போதே உயிர் போயிருந்தது.

மறுநாள் காலை என்னை வரவழைத்தார்கள். காய்ந்த பலகைமேல் நின்று, எர்த் வயரைக் கழற்றி இடையில் அம்மீட்டரை இணைத்து, மோட்டாரைப் போடச் சொன்னேன். முள் ஐந்து ஆம்பியரில் போய் நின்றது. மோட்டாருக்குள் கம்பிச் சுருளின் காப்பு கெட்டு, மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் கசிந்து, எர்த் வயர் வழியாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் இருநூற்று முப்பது. அதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு ஓம். எர்த் பைப் அரித்துப்போய், அந்த வழியின் தடை அவ்வளவு ஏறியிருந்தது. அது இரண்டு ஓமாக இருந்திருந்தால் நூற்றுப் பதினைந்து ஆம்பியர் பாய்ந்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஃப்யூஸ் உருகி மோட்டார் நின்றிருக்கும். ஐந்து ஆம்பியருக்கு அந்த ஃப்யூஸ் அசையவே இல்லை. மோட்டாரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறியே இருந்தது. இருநூற்று முப்பதை ஐந்தால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை மண்ணுக்குள் புதைத்து, வேலை நேரமெல்லாம் போட்டுவைத்த மாதிரி. அந்தச் சூட்டைத்தான் அவர் காலால் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார்.

ஈரக் கையோடு கவனமில்லாமல் தொட்டதால் நேர்ந்த சாவு என்று எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். எழுதினேன். முதலாளியைக் காப்பாற்ற மட்டும் எழுதவில்லை, என்னையும் காப்பாற்றிக்கொள்ளத்தான். அந்தத் தாள் இரண்டு நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் அந்த அம்மா, நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வடாலா பட்டறைக்கே வந்துவிட்டார். "அவிய குடிச்சிட்டு ஏறுனாவன்னு சொல்லுதாங்க. அவியளுக்கு அந்தப் பழக்கமே கெடையாது. கணக்குப் போட்டா உண்மை தெரியும்னு ஒருத்தர் சொன்னாரு. எனக்குப் போட்டுக் காட்டுங்க சார்."

அட்டைப் பெட்டி ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் எதற்கென்று கேட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த தாளை அவர் எதிரிலேயே கிழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி மின்சார இன்ஸ்பெக்டர் ஆபீஸில் கொடுத்தேன். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் டேனரியில் புது பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டார்கள். மோட்டாரும் மாறியிருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். தாராவியில் எனக்கு வேலை கொடுப்பவர்கள் குறைந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

நடந்ததைச் சொல்ல ஒரு மத்தியானம் அவருடைய குடிசைக்குப் போனேன். பாண்டுப்பில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதற்காகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாக்கின் வாயை இறுக்கி முடிந்தார்.

"சார், அந்தக் கணக்கு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மீட்டர் வச்சுப் பார்க்க அஞ்சு நிமிஷம். கணக்குக்கு ரெண்டு நிமிஷம்."

"நான் ஒங்ககிட்ட வந்து சொன்னது திங்கக்கெழம. அவிய செத்தது வெள்ளிக்கெழம."

குரலில் கோபம் இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. சாக்கைத் தலையில் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். சந்து முனை வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.