லோர்னா வேண்டாமென்ற புயல்

லோர்னா திபடோ, ஃபிட்ச்பர்க் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்ப்பவள். எழுபத்தெட்டாம் வருஷப் பெரும் பனிப்புயலின்போது அவளுக்கு ஒன்பது வயது. அன்று பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. புயல் பைத்தியங்கள் நாற்பது பேர் கூடும் இணையக் குழு ஒன்றில் வரப்போகும் புயலின் முதல் வரைபடத்தை எப்போதும் அவள்தான் போடுவாள். என்னையும் அதில் இழுத்துவிட்டவள் அவளே.

அந்த ஜனவரிச் செவ்வாயன்று வானிலைக் கணிப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன: சனிக்கிழமை, கரையோரமாக ஏறிவரும் புயல், இரண்டடிப் பனி. குழு குதித்தது. லோர்னா மட்டும் வரைபடமே போடவில்லை.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "என்னடி, உடம்பு சரியில்லையா?"

"ஜெரார் வண்டி எடுக்கப் போறேங்கிறான்."

ஜெரார் அவள் கணவர். நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். அக்டோபரில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். லோர்னாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

வியாழன் காலை குழுவில் எழுதினாள்: "இந்தப் புயல் கடலுக்கே போகட்டும்."

ஆரின் என்ற கணக்கு வாத்தியார் உடனே கிண்டலடித்தார். "யாரோ லோர்னாவோட அக்கவுண்ட்டைத் திருடிட்டாங்கப்பா!"

அவள் காரணத்தைச் சொன்னாள். பிறகு ஆரினே எழுதினார். "மன்னிச்சுக்கோங்க. ஆனா நாம வேண்டிக்கிட்டா அது நகரவா போகுது?"

லோர்னா பதில் போட்டாள். "நகராதுதான். இத்தனை வருஷமா வாடா வாடான்னு கூப்பிட்டோமே, அதனாலயும் ஒரு புயலும் வந்துடல."

புயல் வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் ஜெரார் கிளம்பினார். பத்தரை மணிக்கு ரேடார் படத்தைப் பார்த்துவிட்டு லோர்னா அவருக்குப் போன் போட்டாள். அவளுக்குத் துணையாக முதல் நாளே அவள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

"பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் மணிக்கு நாலு அங்குலம் கொட்டும். கண்ணு தெரியாது. தீயணைப்பு நிலையத்துல நிறுத்திட்டு, நான் பிளாஸ்க்ல கொடுத்த சூப்பைக் குடி."

"நீ சொன்னதுல எத்தனை புயல் புஸ்ஸுன்னு போயிருக்கு?"

"போனா போகட்டும். சூப்பாவது வயித்துக்குள்ள போகுமில்ல?"

பதினொன்று பத்துக்கு அவரே கூப்பிட்டார். "நிறுத்திட்டேன். வண்டியோட மூக்கே எனக்குத் தெரியலடி." அந்த நேரம் பனிக்குள்ளிருந்து இடி இடித்தது. எங்கள் பக்கம் அது எப்போதோ ஒருமுறை நடப்பது. லோர்னா போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலுக்கு ஓடினாள். "கேட்டுச்சா? ஜெரார், கேட்டுச்சா?" குரலில் ஒன்பது வயதுப் பிள்ளை.

ஞாயிறு மதியம் அவர் வீடு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். லோர்னா அவர் மூச்சு சீராக வருவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அளவுகோலோடு முற்றத்துக்குப் போய் முழங்காலுக்கு மேல் புதையும் பனியில் நின்றாள்.

"எவ்வளவு?" என்றேன் வாசலிலிருந்து.

"இருபத்தி மூணரை அங்குலம்." சிரித்தாள். கண்ணும் கலங்கியிருந்தது. "நான் வேண்டாம்னுதானே சொன்னேன்? அப்புறம் ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு?"

மண்வாரியை எடுத்துக்கொண்டு அவளிடம் போக வழி வெட்ட ஆரம்பித்தேன்.