ஏழாம் எண் மட்டை

பந்து குளத்தில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

“அண்ணி, மீனுக்கு இன்னிக்கு ரெண்டாவது முட்டை,” என்றாள் நாத்தனார்.

அடித்தவள் கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள். ஏழாம் எண் இரும்பு மட்டை. கோல்ஃப் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் குளத்தை இதே மட்டையால்தான் தாண்டிக்கொண்டிருந்தாள். யோசித்ததுகூட இல்லை. போன கோடையில் பந்து அக்கரையின் ஓரப் புல்லைத் தொற்றிக்கொண்டு நின்றது. இப்போது தண்ணீர்.

“அந்த செட்டை முதல்ல தலைமுழுகுங்க. கத்தி மாதிரி ஒல்லியா இருக்கு, அதை வெச்சு காய்தான் நறுக்கலாம். இப்ப வர்றதெல்லாம் தலை பெருசு. எங்க பட்டாலும் பறக்குது. நானே பறக்கவிடறேன்னா பாத்துக்கோங்க.”

“பாக்கலாம்டி.”

“எப்பக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம். என்ன, மாப்பிள்ளையா பாக்கறீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது உடனே நின்றும் போனது.

பல் செய்வது அவள் தொழில். மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல்லை உருவாக்கித் தரும் சிறிய கூடம் அது. ஜன்னலோர மேசை அவளுடையது. பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகை நுனியால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு, தேய்த்து, மறுபடியும் வைப்பாள். சிரித்தால் தெரிகிற பல் என்றால் அவளிடம்தான் வரும். யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. கடைவீதியில் எதிரே வருகிறவர் வாயைத் திறந்தால் இது நம்முடையதோ என்று ஒரு கணம் பார்ப்பாள்.

மட்டைகள் கணவர் வாங்கியவை. சில மாதம் ஆடினார், முதுகு பிடித்துக்கொண்டது, விட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் சும்மா கிடக்கின்றனவே என்று அவள் எடுத்துப் போனாள். நாள் முழுக்கக் கைக்குள் அடங்கும் வேலை செய்கிறவளுக்கு, கண்ணுக்கு எட்டாத இடம்வரை ஒன்றை அனுப்புவது பிடித்திருந்தது.

ஆனால் இப்போது பயம் வந்திருந்தது. பயம் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பாவுக்கு முதலில் கை நடுங்கவில்லை. மெதுவானது, அவ்வளவுதான். பொத்தான் போட நேரம் பிடித்தது. காஜாவைச் சின்னதாகத் தைத்துவிட்டான் என்று தையல்காரரைத் திட்டினார். பிறகு பேனாவைத் திட்டினார், பிறகு செருப்பை. திட்டுவதற்கு வீட்டில் ஒரு பொருளும் மிச்சமில்லாதபோதுதான் மருத்துவரிடம் போனார்கள். நரம்பு நோய், தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார் மருத்துவர்.

சென்ற மாதம் அவள் செய்த முன்பல் ஒன்று திரும்பி வந்தது. விளிம்பு கனமாக இருக்கிறதாம். தூரிகை தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதுத் தூரிகை எடுத்தாள். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள்.

பழைய மட்டை இருக்கிறவரை குற்றம் மட்டையுடையது. புதியதை வாங்கி, அதனாலும் பந்து குளத்தில் விழுந்தால் அப்புறம் யாரைச் சொல்வது? அதனால்தான் பார்க்கலாம், பார்க்கலாம்.

மறுநாள் காலையில் கணவர் அவளுடைய கைபேசித் திரையை எட்டிப் பார்த்தார். வரிசையாக மட்டைகள்.

“இன்னுமா முடிவு பண்ணல? நான் வாங்கினதாச்சேன்னு தயங்கறியா? தாராளமா தூக்கிப் போடு. எனக்கு அதைப் பாத்தாலே முதுகு வலிக்குது.”

“அதுக்கில்லங்க.”

“பின்ன எதுக்கு?”

சொல்லியிருக்கலாம். “இன்னொரு டீ போடட்டுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை நாத்தனார் காரோடு வந்து வாசலில் நின்றாள். பழைய பையையும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டாள். கொடுத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்களாம்.

கடையின் உள்ளறையில் பச்சை விரிப்பு, எதிரே வலை, பக்கத்தில் திரை. பந்தை அடித்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று திரை சொல்லும். கடைக்காரர் ஒரு புது ஏழாம் எண் மட்டையை நீட்டினார். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. துடைத்துக்கொண்டாள்.

அடித்தாள். வலை அதிர்ந்தது. திரையைப் பார்க்கப் பயந்து விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணீ!” என்று நாத்தனார் கத்தினாள். “குளம் தாண்டியாச்சு!”

திரையில் அவளுடைய பழைய தூரம். நல்ல நாட்களில் போன அதே தூரம். மறுபடியும் அடித்தாள். அதே. இன்னொன்று. அதே. கைக்கு ஒன்றுமில்லை. இரும்புதான். வெறும் இரும்பு.

“எடுத்துக்கறேன்,” என்றாள். குரல் சற்று உரக்க வந்துவிட்டது.

“சொன்னேன்ல? என் பேச்சை எப்பத்தான் இந்தக் குடும்பத்துல கேட்டாங்க,” என்றாள் நாத்தனார்.

கடைக்காரர் பெட்டியை எடுத்து வர உள்ளே போனார். அவள் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து பழைய ஏழாம் எண்ணை எடுத்துப் புதிய ஏழின் பக்கத்தில் விரிப்பில் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள்.

இரண்டின் முகமும் ஒன்றுபோல் இல்லை. பழையது வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. புதியது நிமிர்ந்திருந்தது. சாய்வு அதிகமானால் பந்து மேலே ஏறும், நிமிர்ந்தால் தூரம் போகும். எண் குறையக் குறைய மட்டை நிமிரும், ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்தது. அவள் பழைய ஆறை வைத்துப் பார்த்தாள். பிறகு ஐந்தை. ஐந்தின் முகமும் புதிய ஏழின் முகமும் ஒரே வாயில் அடுத்தடுத்து இருக்கும் பற்கள்போல ஒத்துப்போயின.

கடைக்காரர் பெட்டியோடு வந்தார்.

“இது ஏழு இல்லையே,” என்றாள்.

“ஏழுதான் மேடம், கீழ போட்டிருக்கு பாருங்க.”

“என்னோட அஞ்சு மாதிரி இருக்கு.”

“ஓ, அதுவா.” சிரித்தார். “இப்ப எல்லாருமே அப்படித்தான் செய்யறாங்க மேடம். தலையோட கனம் கீழ இருக்கறதால பந்து எழும்பிடும். அதனால கொஞ்சம் நிமித்தி வெக்கறாங்க. ஏழால இவ்வளவு தூரமான்னு வாங்கறவங்களுக்கும் ஒரு சந்தோஷம்.”

“விடுங்க அண்ணி. அஞ்சோ ஏழோ, குளம் தாண்டுதுல்ல?”

தாண்டுகிறது. பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்து அக்கரையில் விழும்.

அவள் பழைய ஐந்தை எடுத்துப் பந்தின் முன் நின்றாள். ஒரு காலத்தில் இந்த மட்டையால் அடித்தால் பந்து குளத்தையும் அக்கரைக் குழியில் நட்டிருக்கும் கொடியையும் தாண்டி, பின்னாலிருக்கும் மணலில் போய் விழும். அதனால் அந்தக் குழிக்கு ஆடும்போது இதைத் தொடவே மாட்டாள்.

அடித்தாள். நன்றாகப் பட்டது, மணிக்கட்டுவரை தெரிந்தது. திரையைப் பார்த்தாள். புதிய ஏழின் தூரம்தான், மணல்வரை போயிருக்காது. அதே எண், ஒன்றிரண்டு கஜம் முன்னே பின்னே.

பழைய மட்டையில் குறையுமில்லை, புதியதில் கூடுதலுமில்லை. நடுவில் காணாமல் போன தூரம் எந்த மட்டையிலும் இல்லை.

“வேண்டாங்க,” என்றாள் கடைக்காரரிடம். “உங்களுக்குத்தான் சிரமம் குடுத்துட்டேன்.”

கார் கடைத்தெருவைத் தாண்டியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியாது.

“என்னதான் அண்ணி பிரச்சினை? எடுத்துக்கறேன்னீங்க. அவர் பாவம் பெட்டியக்கூட பிரிச்சுட்டார்.”

“மட்டை நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“ரெண்டு மட்டையுமே நல்லா இருக்குடி. கைதான் என்னமோ மாதிரி இருக்கு. எங்கப்பாவுக்கு வந்தது தெரியும்ல உனக்கு?”

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் தயாராக இருக்கும் கிண்டல் வரவில்லை.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“இல்ல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நாத்தனார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

“வலது கையக் குடுங்க. என் விரலப் பிடிச்சு அமுக்குங்க, பாப்போம்.”

அவள் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

“ம், அமுக்குங்க.”

“ம்.”

“விளையாடாதீங்க அண்ணி. நல்லா அழுத்தி.”

“அமுக்கிட்டுத்தான்டி இருக்கேன்.”

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார், பிறகு எல்லோரும் அடித்தார்கள். நாத்தனார் கையை விடவில்லை.