நாய் யாருது?

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், வேலூர் அலுவலகத்திலிருந்து ஆட்களைப் பிடித்து இங்கே மாற்றினார்கள். பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தவர்கள் தப்பித்தார்கள். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. முப்பது தாண்டியாயிற்று, கல்யாணம் அமையவில்லை, அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஆரணிப் பக்கம் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் என் ஞாபகம் வரும். தட்டச்சர் வேலைக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று பெட்டியைக் கட்டினேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் இருக்கும் பக்கம், ஒரு குறுக்குத் தெருவில் அறை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிற வரிசை அறைகளில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, அதனால் வாடகை கம்மி. மற்ற அறைகளில் இருந்தவர்கள் மௌனத்தைத் தேடி வந்தவர்கள். எதிரே பார்த்தால் கண்ணை மூடிக் கை கூப்புவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் விமானம் ஏறித் தேடி வந்தது எனக்கு வாடகையோடு சேர்த்துக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்காரரிடம் பேசினால் அதோடு சரி. மறுநாள் அலுவலகம் போகப் பஸ்ஸில் ஏறி "வேங்கிக்கால் ஒண்ணு" என்னும்போதுதான் அடுத்த வார்த்தை. கண்டக்டர் "இன்னா?" என்று மறுபடி கேட்கும் அளவுக்குக் குரல் கட்டிப்போயிருக்கும்.

தெருமுனையில் ஒரு கான்ட்ராக்டர் வீடு. வீட்டை ஒட்டிய மனையில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். மணலும் ஜல்லியும் கம்பியும் தெருவிலேயே கிடக்கும், அதற்குக் காவல் ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்து தொங்கும். கழுத்தில் பட்டை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, கட்டிப்போடும் வழக்கமும் கிடையாது. அவர் வீட்டில் மிஞ்சியதைத் தின்றுவிட்டு மணல் குவியல் மேல் படுத்திருக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் கான்ட்ராக்டர் நாய் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு மார்கழி மாதச் சாயங்காலம், காய்கறிப் பையோடு நடந்து வந்தபோது அது என் மேல் பாய்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. மணலில் வழுக்கிக் கால் தடுக்கியது, அவ்வளவுதான். கெண்டைக்கால் சதையில் பல்லைப் பதித்துவிட்டு விடவே இல்லை. கான்ட்ராக்டர் கேட்டுக்குள்ளிருந்து "ச்சீ, விடு! வா இங்க" என்று ஓர் அதட்டுப் போட்டார். உடனே விட்டுவிட்டு அவர் காலடியில் போய் வாலை ஆட்டியது. அவர் என் காலைப் பார்த்தார். "மஞ்சள் வெச்சுக் கட்டிக்கங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார். தெருவில் கொட்டிக் கிடந்த தக்காளியை நானேதான் பொறுக்கிக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது என் பெயரைக்கூட இல்லை. "நாய் யாருது?" என்றார். சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. ஊசி போட ஆரம்பிச்சுடலாம். ஆனா அந்த நாயைப் பத்து நாளு பாத்துக்கங்க. உயிரோட இருந்துச்சுன்னா பயமில்ல. செத்துப்போனாலோ, காணாமப் போனாலோ உடனே வந்து சொல்லணும்."

அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. வயிறு கல் மாதிரி வீங்கிக் கிடக்கும். தினமும் காலையில் வரிசையில் நிற்பேன். மற்றவர்களுக்குப் புடவையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, முடிந்ததும் டீ வாங்கி வர ஒரு ஆள் இருந்தது. நர்சம்மா என்னைப் பார்த்ததும் "நாய் நல்லா இருக்குதா?" என்பார். இருக்குதுங்க என்பேன். இந்த ஊருக்கு வந்த பிறகு தினமும் ஒருவர் என்னிடம் நலம் விசாரித்தது அதுதான் முதல் தடவை. விசாரித்தது நாயின் நலத்தை.

அந்தப் பத்து நாளும் நாயைக் கட்டிப்போடச் சொல்லிக் கேட்கத்தான் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. அவர் வாசற்படியை விட்டு இறங்காமல் பேசினார்.

"அது நம்முது இல்லீங்கம்மா. தெருநாய். மணல் மேல வந்து படுக்குது, நான் இன்னா பண்ண முடியும்?"

"நீங்க கூப்புட்டதும் வந்துச்சே?"

"யாரு கூப்புட்டாலும் வரும். நாய்தானே!"

கட்டினால் தன் நாய் என்று ஆகிவிடும் என யாரோ அவருக்கு ஓதியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண் எதிரே நடந்ததை இல்லை என்கிறாரே, கேட்க எனக்கு ஒருவரும் இல்லை என்று தெரிந்துதானே சொல்கிறார்! அவர் வாயாலேயே "என் நாய்தான்" என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் போலீஸ் ஸ்டேஷன். அங்கிருந்த ஏட்டு, "நாய் மேல கேஸ் போடணும்ங்கறீங்க. அது அட்ரஸ் சொல்லுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அங்கிருந்து நேராகக் கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பிடித்தேன். வயதானவர், பொறுமைசாலி. அவர்தான் எனக்கு உரிமை என்று ஒன்று இருப்பதையே சொன்னார்.

"நாய் வெச்சிருக்கறவன் அதை அடக்கி வெக்கணும். அஜாக்கிரதையா வுட்டுக் கடிச்சா அது குத்தம், தண்டனைச் சட்டத்துல தனியா பிரிவே இருக்குது. வைத்தியச் செலவு, லீவு போட்ட சம்பளம், வலிக்குன்னு தனியா, எல்லாத்துக்கும் முன்சீப் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். நாய் அவனுதுன்னு நாம காட்டணும்."

"எனக்குப் பணம் வேணாம் சார். அவரு ஒத்துக்கணும்."

"பணம் கேட்டாத்தாம்மா கோர்ட்டு காது குடுக்கும்" என்றார்.

வழக்கு பதிவானது. இதற்கிடையில் நாயை யார் பார்த்துக்கொள்வது? அவர் கட்டவில்லை. அது தெருத் தெருவாகச் சுற்றியது. காலையில் அது கண்ணில் படாவிட்டால் எனக்கு உயிரே போய்விடும். நான் பிழைப்பேனா மாட்டேனா என்பது அதன் கையில் இருந்தது. அதனால் சோறு வைத்தேன். வேறு வழி தெரியவில்லை. தூரத்திலிருந்து தட்டைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். பிறகு கதவைச் சாத்தவில்லை. பிறகு அது தின்று முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டது. இந்த ஊர் நாய்கள் பாதிக்கு அந்தப் பழக்கம் உண்டு. இனி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் காலெல்லாம் புழுதியோடு வாசலில் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பயம் போன அழுகை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது மட்டும் இல்லை. நான் ஒரு ஜீவனுக்காகக் காத்திருந்து, அது திரும்பி வந்ததும் அன்றைக்குத்தான்.

பத்து நாள் முடிந்தது. நாயும் நன்றாக இருந்தது, நானும் நன்றாக இருந்தேன். ஆனால் கடித்த இடத்தில் சீழ் வைத்து, ஆறுவதற்குத் தை மாதம் முழுதும் ஆயிற்று. சோறு வைப்பதும் நிற்கவில்லை.

அதைத்தான் கான்ட்ராக்டரின் பதில் மனுவில் எழுதியிருந்தார்கள். அது தெருநாய், அதற்குத் தினமும் சோறு போட்டு வளர்ப்பவரே வாதிதான் என்று. வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோறு வெச்சீங்களா?"

"டாக்டர்தான் பாத்துக்கச் சொன்னாரு."

"பாத்துக்கச் சொன்னாரும்மா. வளத்துக்கச் சொல்லல."

ஆஸ்பத்திரி சொன்னதைச் செய்தால் கோர்ட்டில் தோற்போம் என்று எந்த ஆஸ்பத்திரியில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்? அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். தெருநாய் என்றால் நகராட்சிதான் பொறுப்பு. நகராட்சியையும் வழக்கில் சேர்ப்போம், முன்னதாக ஒரு மனுவும் அனுப்புவோம். இருவரில் ஒருவர் மாட்டியே தீர வேண்டும். "ஆனா இனிமே ஒரு பருக்கை வெக்கக் கூடாது. யாரு கேட்டாலும் கான்ட்ராக்டர் நாய்னு மட்டும் சொல்லுங்க. வாய் தவறிக்கூட வேற சொல்லிடாதீங்க" என்றார்.

இரண்டு வேளை வைக்காமல் இருந்து பார்த்தேன். அது வாசலில் உட்கார்ந்து கதவையே பார்த்தது. கேஸ் நடக்கும்போது கட்சிக்காரி செய்யக் கூடாத காரியத்தைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு தினமும் செய்தேன்.

நகராட்சியிடமிருந்து மனுவுக்குப் பதில் வரவில்லை. வண்டி வந்தது.

அலுவலகம் கிளம்பும் நேரம். வாசலில் நாய் சோற்றில் வாய் வைத்திருந்தபோதே கழுத்தில் சுருக்குக் கம்பி விழுந்தது. நான் ஓடி வருவதற்குள் அதைத் தரையோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது கத்திய கத்தலில் மௌனக்காரர்கள்கூடக் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட வந்திருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீங்கதானே மனு குடுத்தது? நடவடிக்கை எடுத்துட்டோம்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"இது தெருநாய் இல்ல சார். வளக்கற நாய்."

"யாருது? ஓனரு வந்து எழுதிக் குடுத்தா விட்டுடறேன்."

தெருவே கான்ட்ராக்டரைப் பார்த்தது. அவர் தோளில் துண்டோடு தன் கேட்டருகே நின்றார். நான் பல மாதமாகக் காத்திருந்த கேள்வி அது. "சொல்லுங்க சார்" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்முது இல்லீங்க. கோர்ட்டுலயே எழுதிக் குடுத்திருக்கறேன்."

நாயின் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. வக்கீல் சொன்னது எல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"விடுங்க. என்னோடதுதான்" என்றேன்.

கம்பியைத் தளர்த்தினார்கள். நாய் எழுந்து ஒரு முறை உடம்பை உதறியது. பிறகு என்னைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, தெரு முழுக்க ஓடி, கான்ட்ராக்டரின் இரண்டு காலுக்கும் நடுவே போய்ப் புகுந்துகொண்டது. அவர் கை தானாகக் கீழே இறங்கி அதன் தலையைத் தடவியது. தடவிய பிறகுதான் எல்லோரும் பார்ப்பது அவருக்கு உறைத்தது. கையை எடுக்கவும் முடியவில்லை.

இத்தனை சாட்சிகளை எந்த வக்கீலாலும் சேர்த்திருக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, உங்களுதுன்னு நிஜமாவே எழுதட்டுமா?" என்றார். இல்லை என்றால் கம்பி மறுபடி விழும். அவர் அப்போதும் வாய் திறக்கப்போவதில்லை.

"எழுதுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாய்தாவில் நகராட்சி வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டினார். கையெழுத்து உங்களுடையதா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். தள்ளுபடி ஆவதற்கு அதற்கு மேல் நேரம் பிடிக்கவில்லை.

அதன் பிறகு நாய் என் வாசல் பக்கம் வரவே இல்லை. சுருக்கு விழுந்த இடம் அல்லவா. கறிக்குழம்பு ஊற்றி வைத்தும் பார்த்தேன், காக்கைதான் தின்றது. அந்தக் கையெழுத்தை வைத்து நகராட்சி போட்ட லைசென்ஸ் அது செத்துப்போகும் வரை என் பெயரில் இருந்தது, வருடாவருடம் நான்தான் போய்ப் புதுப்பித்துவிட்டு வருவேன். இந்த ஊரில் சட்டப்படி எனக்கென்று இருந்தது அந்த நாய் ஒன்றுதான். சாயங்காலம் நான் பையோடு கடந்து போகும்போது கான்ட்ராக்டர் வீட்டு வாசலிலிருந்து தலையைத் தூக்கி யார் என்று பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.