மூக்கில் வைத்த ஈயம்

சத்தம் போடாததுதான் முதல் குற்றம். கல்யாண வீட்டில் பறக்கும் டிரோன் வண்டுபோல இரையும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். என் கிளைடரில் மோட்டார் கிடையாது. ரப்பர் கயிற்றில் இழுத்து விட்டால் ஏறும். வெயிலில் எழும் காற்றைப் பிடித்துக்கொண்டு பருந்து மாதிரி வட்டமடிக்கும். ரிமோட்டால் நான் வாலை மட்டும் அசைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்புலிவனம் பக்கம் வற்றிக் கிடக்கும் ஏரியில் பறக்கவிடுவேன். மரமும் மின்கம்பியும் இல்லாத வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் கிளைடர் கரையைத் தாண்டி ஒரு வயலில் இறங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் வயல்காரர் அதைப் பம்புசெட் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"நெலத்த அளக்க வந்துகீறியா? ரோடு போடப் போறாங்களா, இன்னா?"

"இல்ல மாமா. நானே செஞ்ச விளையாட்டு விமானம்."

"வெளையாட்டு சாமானுக்கு இம்மாம் பெரிய றெக்கையா? அடுத்த வாரம் வா. நாலு பேர கேட்டுட்டுத் தரேன்."

அடுத்த ஞாயிறு, கேட்டதும் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயே உட்கார்ந்து சரிபார்த்தேன். இறக்கை, வால், பேட்டரி, ரிசீவர், வாலை அசைக்கும் சர்வோ மோட்டார் இரண்டு எல்லாம் இருந்தன. எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, இறக்கைக்கு அடியில் குறித்து வைத்த இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பிடித்தேன். வால் தொங்கியது. மூக்கைத் திறந்தால், எடைக்காக வைத்திருந்த ஈயத்துண்டைக் காணோம். மீன்வலையில் கோக்க எடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

"மூக்குல இருந்தத யாரு எடுத்தது மாமா?"

"கேமராதான? எங்கிட்டதான் கீது."

அவர் மனைவி கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சொம்பைக் கொண்டுவந்து காட்டினார். தண்ணீருக்குள் கறுப்பு டேப் சுற்றிய என் ஈயம்.

"தண்ணில போட்டா படம் புடிக்காதாம். ஒரு வாரமா என் சொம்புலதான் குடியிருக்குது. வாடகைதான் தரல," என்றார்.

"அது வெறும் ஈயம் அத்தை. டேப்பப் பிரிச்சுப் பாருங்க."

"கை வெக்காத! பிரிச்சா நம்ம மூஞ்சி பதிஞ்சிடும்." வயல்காரர் சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"எடைக்கு வச்சது மாமா. அது இல்லன்னா பறக்காது."

"கேட்டியாடி? வெயிட்டு வெச்சாதான் பறக்குமாம். எந்த ஊர்ல?" என்று மனைவியிடம் சிரித்தார். உடனே முகம் மாறியது. "இப்ப வுடு. அது இல்லாமயே பறந்துச்சின்னா அது கேமராதான். அப்புறம் நீ ஏரிப் பக்கமே வரக்கூடாது."

வைக்கோல் குவியலைப் பார்த்து மெதுவாக எறிந்தேன். மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, வால் கீழாக வைக்கோலில் விழுந்தது.

"வோணும்னே வுட்டியா?"

"நீங்களே விடுங்க."

அவரும் எறிந்தார். அதே மாதிரி விழுந்தது.

வாய்க்காலில் களிமண் எடுத்து மூக்குக்குள் அடைத்தேன். ஈயம் இருந்த குழியில் கொள்ளவில்லை. இன்னும் இடத்தைக் குடைந்து அப்பினேன். இப்போது விரல்களில் சமமாக நின்றது. ஈரம் பேட்டரியில் படாமலிருக்க மண்ணைச் சுற்றி ஒட்டலாம் என்று டேப்பைக் கையில் எடுத்தேன்.

"சுத்தாத. கண்ணுக்குத் தெரியட்டும்."

பேட்டரிக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டேன். அதையும் இருமுறை வாங்கிப் பார்த்தார். ஏரிக்குப் போய்க் கயிற்றில் இழுத்து விட்டேன். ஏறியது. நெற்றியில் கைவைத்துக்கொண்டு பார்த்தவர், அது தன் கிணற்றுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் என் விரல்களைப் பார்த்தார்.

இறக்கியதும் கேட்டார்: "மண்ணே போதும்னா, அத எதுக்குக் கறுப்பா சுத்தி உள்ள வெச்ச?"

"கழண்டு விழாம இருக்க."

"ம்ம்," என்றார். ஈயத்தைத் தரவில்லை.

இப்போதும் அங்கேதான் பறக்கவிடுகிறேன். கயிற்றை இழுப்பதற்கு முன் மூக்கைத் திறந்து அவரிடம் நீட்ட வேண்டும். கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே இறங்கினால்தான் அனுமதி. அவர் அழுத்திய பள்ளத்தால் எடை நகர்ந்துவிடும். நான் மறுபடி விரல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதையும் அவர் நின்று பார்ப்பார்.