கிணறு நிக்குதா?

எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். குடியிருப்பது ரெட்டியார்பாளையத்தில், கடலுக்கு வெகு தள்ளி, மாடிவீடுகள் நெருக்கியடிக்கிற தெரு. மோட்டாரைப் போட்டுவிட்டு யாராவது மறந்திருப்பார்கள். சுவரோரமாகத் தண்ணீர் சளசளவென்று கொட்டும். அவ்வளவுதான், தைத்துக்கொண்டிருக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, கிழக்கே பார்த்து நின்றுவிடுவேன். என் மனைவி மோட்டாரை நிறுத்திவிட்டு, "கடலு இன்னும் பஸ் ஸ்டாண்டே தாண்டல, உள்ள வாங்க" என்பாள். தலை நரைத்த தையற்காரன் தொட்டித் தண்ணீருக்குப் பயப்படுவது அவளுக்கு வேடிக்கை. உங்களுக்கும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

சத்தம் நின்ற பிறகு சுவரிலிருந்து ஈரச் சிமெண்டு மணம் கிளம்பும். அது நான் பிறந்த மீனவ ஊரான பிள்ளைச்சாவடியின் கிணற்று மணம்.

கடலுக்குப் பக்கத்தில் கிணறா என்பீர்கள். இருந்தது, அதுவும் குடிக்கிற தண்ணீர். மணலுக்குள் சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைக்கிணறு. பிரெஞ்சுக்காரன் காலத்தது என்பார்கள். எங்கள் ஊரில் வயது தெரியாத எதையும் பிரெஞ்சுக்காரன் காலத்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். என் பெரியப்பாவையே அப்படித்தான் சொன்னார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் முதல் தெரு. அந்தப் பக்கம் வெறும் மணல், அதற்கப்பால் தென்னந்தோப்பு, அதையும் தாண்டி எங்கேயோ கடல். மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்குத் தூக்கிப் போகும்போது சுடுமணலில் எங்கள் உள்ளங்கால் பொரிந்துபோகும். பிள்ளைகள் அழுவோம். இப்போது எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. கோயில் படி இறங்கினால் அலை.

தண்ணீர் இறைக்கப் போகிற அக்கா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கிணற்றுக்குள் காட்டுவாள். "உன் மூஞ்சி தெரியுதாடா?" கீழே, எட்டாத ஆழத்தில், காசு அளவு வானமும் அதில் ஒரு கறுப்புத் தலையும் தெரியும். நான் அலறி அவள் தோளை இறுக்கிக்கொள்வேன். "பயந்தாங்கொள்ளி" என்று அவள் சிரிப்பது உள்ளே போய்ப் பெரிதாகித் திரும்பி வரும். பூங்காவனம் என்று அவளுக்குப் பெயர். தொண்டையும் அப்படித்தான், தெரு முழுக்கப் பரவும்.

பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. டவுனில் ஒரு பாய் கடையில் தையல் பழகினேன். எங்கள் குலத்தில் கடலைப் பார்த்துப் பயந்தவன் நான் ஒருவன்தான் போல. காற்று கொஞ்சம் உரத்து வீசினால் மெஷினில் கால் தானாக நின்றுவிடும். பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். "இன்னா தம்பி, ஊசி நிக்குது? போ, போ. ஊரு இருக்குதான்னு பாத்துட்டு வா." கடையே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பேன். ஊர் இருக்கும்.

எங்கள் ஊருக்கு வரலாறு எழுத யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் ஒரே ஒரு கேள்வியைக் கொண்டே எழுதி முடித்திருக்கலாம். காற்றடித்தால் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "எது நிக்குது?"

முதலில் தோப்பு. "தோப்பு நிக்குதில்ல, அதுவரைக்கும் பயமில்ல" என்பார்கள். தோப்பு போனது. ஒவ்வொரு மரமும் வேர் தெரிய நின்று, பிறகு படுத்தது. அடுத்து வலைகளை வைக்கிற கொட்டகை. "கொட்டா நிக்குதில்ல?" ஒரு ஐப்பசியில் அதன் கூரை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் அம்மன் இளைப்பாறும் கல் மண்டபம். கல்லாயிற்றே, அசையாது என்றார்கள். தெற்கே எங்கேயோ கடலில் பாறை கொட்டினால் வடக்கே கரையை அரிக்கும் என்று படித்தவர்கள் விளக்கினார்கள். இருக்கலாம். மண்டபத்தின் தூண்கள் கொஞ்ச நாள் அலைக்குள் கறுப்பாய்த் தெரிந்தன. முதல் தெரு போனது, பின்னால் இரண்டாம் தெரு. தெருவும் வீடுகளும் கரைந்துபோன பிறகும் கிணறு மட்டும் அலையோரத்தில் எப்படியோ நின்றது. ஊர் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

அக்கா வாழ்க்கைப்பட்டது அதே ஊரில் மூன்றாம் தெரு. சம்பந்தம் பேசியபோது பெரியப்பா, "கடக்கரையிலேர்ந்து இம்மாந் தொலவா? வலைய எவன் சொமக்கறது?" என்று அலுத்துக்கொண்டாராம். இன்றைக்கும் அதன் பெயர் மூன்றாம் தெருதான், கரண்ட் பில்லில் கூட. கடலுக்கு முதல் வரிசை ஆகிவிட்டது என்பதற்காக யாரும் பெயரை மாற்றவில்லை. மாமா காலமான பிறகு அக்கா அங்கே தனி.

போன மழைக்காலத்தில் செல்போனில் புயல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கெணறு நிக்குதுடா. நீ தச்சிக்கினு இரு."

மனம் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். பட்டப்பகல், ஆனால் விளக்குப் போடாமல் ஓட்ட முடியவில்லை. ஊருக்குள் திரும்பும்போதே ஒரு சத்தம் கேட்டது. டொம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் டொம்.

கிணறுதான் அது. மணல் இறங்கி மேல் உறை வெளியே வந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது வேறு. சுற்றியிருந்த மண் மொத்தமும் போய், கிணறு கடலுக்குள் ஒரு புகைபோக்கி மாதிரி நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்துப் பயந்த கிணற்றை நான் அண்ணாந்து பார்த்தேன். அலை ஒவ்வொரு முறையும் அதன் வயிற்றில் மோதியது. டொம்.

அக்கா வாசலிலேயே அடுப்பை வைத்துக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டிருந்தாள். வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் ஒரு வெடிப்பு, கதவிலிருந்து சாமி படம் வரைக்கும்.

"கெளம்புக்கா."

"எதுக்கு? அதான் நிக்குதே."

"அது எப்படி நிக்குதுன்னு பாத்தியா?"

"தொட்டித் தண்ணிக்கே ஓடறவன்டா நீ. உன் பேச்சக் கேட்டு ஊட்ட உட்டு வருவாங்களா? உங்க மாமா கல்லு சொமந்து கட்டுன ஊடுடா இது. ஒக்காரு, ஒரு வாய் தின்னுட்டுப் போ."

கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் எரிச்சலில் "செத்துப்போவக்கா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "நடுங்கறத பாரு, மெஷின் ஓட்டற மாதிரியே" என்று சிரிக்கவும் செய்தாள்.

அப்போது நாலாம் தெருச் செல்வி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்க வந்தாள். மாமியார் அனுப்பியிருக்கிறாள், எது நிற்கிறது என்று பார்த்து வர. மூன்று பேரும் வாசலில் நின்றோம். ஓர் அலை வந்தது. அப்படியொன்றும் பெரிய அலை இல்லை. அது திரும்பிப் போனபோது கிணறு இல்லை. சத்தமும் இல்லை. அந்த டொம் நின்றுபோனதுதான் காதில் அறைந்தது.

குழம்பு மட்டும் கொதித்தது. அப்புறம் செல்வி திரும்பி, தன் தெருவைப் பார்த்து உரக்கக் கத்தினாள்.

"கெணறு போயிடிச்சி அத்தே! ஆனா பூங்காவனக்கா ஊடு நிக்குது! அது நிக்கிற வரைக்கும் நமக்குப் பயமில்ல!"

செல்வி கெட்டவள் இல்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாருடைய வீட்டையோ பார்ப்பது போல, தோப்பைப் பார்ப்பது போல, மண்டபத்தைப் பார்ப்பது போல. அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் மாமா படத்தைப் புடவையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"வண்டிய எடுடா."

பூட்டைத் தேடினேன். "எதுக்குடா பூட்டு?" என்றாள்.

வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் பதிந்த இடம் வலித்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது தொட்டி வழிந்தால் வாசலுக்கு ஓடுகிறவர்கள் இரண்டு பேர். மனைவி கேலி செய்வதை விட்டுவிட்டாள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஊர் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்ல ஆளில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் தோப்பு எங்கே, மண்டபம் எங்கே, கிணறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே திசையில் கையை நீட்டுவார்கள்.

போன வாரம் செல்வி போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உங்க ஊடு போயிடிச்சிக்கா."

அக்கா அழவில்லை. "இப்ப எத வெச்சிடி பாக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போனுக்குள் அலைச் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"பின்தெருவுல எங்க ஊட்ட வெச்சிப் பாக்கறாங்களாம்க்கா."