பச்சை மஃப்ளர்

நான் எழுதிய மூன்று பேய்க் கதைகளைச் சென்னைப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பியது. நான்காவதில், காமாலையில் இறந்துபோன பக்கத்து வீட்டுக்காரரைப் பேயாக்கினேன். பெயரை மட்டும் மாற்றினேன். அவர் எப்போதும் போட்டிருந்த பச்சை மஃப்ளரை அப்படியே விட்டுவிட்டேன். நாங்கள் குடியிருந்த புனே கட்கியில் தமிழ்ப் பத்திரிகையை யார் படிக்கப்போகிறார்கள் என்ற திமிர் எனக்கு. கதை அச்சானது.

அவர் மனைவி சரோஜா அக்கா, நான் எழுதியது என்பதற்காகவே இதழைத் தேடி வாங்கி, நான்கு நாட்கள் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். ஐந்தாம் நாள் என் வாசலில் வந்து நின்றார்.

“அந்த மஃப்ளர் நான் பின்னினது தம்பி. ஒரு நாயைக்கூட அதட்டாத மனுசன் அவரு. அவரைப் போயி அதால ஒரு குழந்தை கழுத்தை நெரிக்க வெச்சிருக்கியே!”

“கதைதானே அக்கா?” என்றேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அவர் இதழை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பல வருடம் கழித்து என் கதைகளைத் தொகுத்தபோது அந்தக் கதையை நான் சேர்க்கவில்லை. “இருக்கறதுலயே நல்ல பேய் அதுதானே சார், ஏன் விட்டுட்டீங்க?” என்று பதிப்பாளர் போனில் விடாமல் கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“அது பேய் இல்ல சார். எங்க பக்கத்து வீட்டுக்காரர்.”