புகைக்குள் ஓடிய கார்ட்டூன்

என் ஒன்றரை வயது மகளை டிவி முன் உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் அசையமாட்டாள். அன்று அந்த நம்பிக்கையில் கறியை அடுப்பில் விட்டு, கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு குப்பை போடக் கீழே போனேன். ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு பதினொன்றாவது மாடி. திரும்பும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறினேன். எட்டாவது மாடியிலேயே தீய்ந்த வாடை அடித்தது. ஓடினேன்.

எதிர்வீட்டு அக்கா எங்கள் கிரில்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் தொறலா. எவ்வளவு கத்தியும் புள்ள திரும்பிக்கூட பார்க்கல.”

பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரே புகை. மகள் இருமிக்கொண்டே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்து அவளைத் தூக்கினேன். என் தோளுக்கு மேல் எட்டித் திரையையே பார்த்தாள்.

டிவியை அணைத்தபோதுதான் அழுதாள்.

சமத்துப் பிள்ளை என்று எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.